தேசவழமையும் துணையிழந்தோர் நிலையும்

ஒரு சமுதாயத்தின் குடும்ப வாழ்வை அறிய விரும்புவோர் அதன் மணவினைகளை மாத்திரம் நோக்குதல் போதாது. கணவனோ மனைவியோ இறந்தபின் எஞ்சியோர் நிலை யாதாயிற்று என்பதையும் ஆராய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சிக்குத் தலையாய சான்று தேசவழமையாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இதனைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் அளித்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலிமை வழங்கினர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பாகுபாட்டின் பயன் மரணத்தின்போதே நன்கு புலப்படும். சிறு பிள்ளைகளை விட்டுத் தந்தை இறப்பின், சொத்து முழுவதும் தாயின் கையிலேயே நிற்கும். பிள்ளைகளை வளர்த்துப் பெண்மக்களைச் சீதனத்தோடு மணஞ்செய்து கொடுத்தல் அவள் கடன். அவள் உயிரோடிருக்குங்காறும் ஆண்மக்கள் பங்கு கேட்டல் இயலாது. தாய் இறப்பின், தந்தையும் மறுமணஞ் செய்யாதவரை சொத்தை ஆளலாம். மறுமணஞ் செய்வானாயின், இறந்தவளுடைய சீதனம் முழுவதையும் தேடியதேட்டத்திற் பாதியையும் அவள் பிள்ளைகளுக்கென ஒப்படைத்தல் வேண்டும். கைம்பெண்ணின் மறுமணத்தையும் இந்நூல் நிகழக்கூடிய ஒன்றாகவே கொண்டு விதி கூறுகின்றது. அது நம்மவரிடையே என்றும் இருந்ததில்லை என்போர் இதனைக் கருதுதல் நன்று.

எனினும், இவ்விதிகள் யாருக்குப் பயன்பட்டன? காணியும் நகையும் உடையாருக்கே. பங்கிடுதற்கு ஒன்றுமில்லாக் குடிசையில் கணவனை இழந்தவள் எவ்வாறு பிழைத்தாள் என்பதைத் தேசவழமை கூறவில்லை. அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அடிமைப்பெண் ஈன்ற பிள்ளைகள் அவளை உடையவருக்கே உரியர் என்பது அதன் விதி. 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழியும்வரை, தாய்க்குத் தன் மக்கள்மீது உரிமையில்லாக் குடும்பங்களும் இம்மண்ணில் இருந்தன. ஆகவே, தேசவழமையை மாத்திரங் கொண்டு யாழ்ப்பாணக் குடும்ப வரலாற்றை எழுதுவோர் உடையார் வரலாற்றையே எழுதுவோராவர்.

உடையாரிடையேயும் பெண்ணுரிமை முழுமையாயிருக்கவில்லை. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவன் இருப்பிடம் அறியப்படாவிடின் அவள் மாவட்ட நீதிமன்றின் அனுமதியை நாடலாம் என்றும் கூறிற்று. 2009இல் முடிவுற்ற போரின் பின், கணவன் உளனோ இலனோ என்றறியாத பெண்கள் பலர் இவ்விதியின் வாயிலில் நின்றனர். மனைவியென்றோ கைம்பெண்ணென்றோ துணியவொண்ணாத அவர்கள் நிலையை முன்னோர் எண்ணியிருக்கமாட்டார். அவருள்ளும் காணியுடையாளுக்கு நீதிமன்றம் என்னும் ஒரு வாயிலேனும் இருந்தது; காணியில்லாதாளுக்கு அதுவுமில்லை.

துயரம் எல்லார்க்கும் பொதுவெனினும், அதைத் தாங்குதற்குரிய துணை பொதுவன்று. 1707ஆம் ஆண்டின் ஏடு பேசுவனவற்றோடு அது பேசாதுவிட்டனவற்றையும் தேடிக் காண்பதே வரலாறு கற்போர் கடனாகும்.