நாளங்காடியிலிருந்து மெஜஸ்டிக் சிட்டி வரை

அங்காடி என்பது தமிழில் மிகப் பழைய சொல். பகலில் கூடுவதை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் நமக்குக் காட்டுகின்றது. சிலப்பதிகாரம் கூறும் காவிரிப்பூம்பட்டினத்து நாளங்காடியோ மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்கள் செறிந்த சோலையில் அமைந்திருந்தது. கடலையும் கைத்தொழிலையும் நம்பி வாழ்ந்தோர் ஒரு பாக்கத்தில்; அரசனும் பெருங்குடியினரும் மறு பாக்கத்தில். இரு சாராரும் வந்து சேரும் இடம் அங்காடியே. எனவே அது பொருள் கைமாறும் இடம் மாத்திரமன்று. நகரத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று முகம் பார்த்துக்கொள்ளும் இடமுமாகும். இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு, கொழும்பு மாநகரின் கடைத்தொகுதிகள் எழுந்ததையும் தளர்ந்ததையும் இன்று சற்று நோக்குவோம்.

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்புக்கும் இரு பாக்கங்கள் இருந்தன எனலாம். ஒன்று கோட்டை, மற்றையது புறக்கோட்டை. கோட்டையிலே துரைமாரின் வணிக நிலையங்கள் ஓங்கி நின்றன. அவற்றுள் யோர்க் வீதியில் உள்ள கார்கில்ஸ் பெருங்கடை தலையாயது. இந்நிறுவனத்தின் தோற்றம் 1844 ஆம் ஆண்டுக்குரியது. இன்று நாம் காணும் செந்நிறக் கட்டடம் 1906 இல் எழுந்தது. மருந்து, துணிமணி, பாதணி, வெளிநாட்டுத் தின்பண்டம் யாவும் ஒரே கூரையின் கீழ், பகுதி பகுதியாக அடுக்கப்பட்டிருந்தன. புறக்கோட்டையின் முறை வேறு. செட்டியார் தெரு என்றால் தங்கம், இரண்டாம் குறுக்குத் தெரு என்றால் புடைவை என்று, தெருவுக்கொரு வணிகம் அங்கே வேரூன்றியிருந்தது. புறக்கோட்டையில் பேரம் பேசுவது ஒரு கலை. கோட்டையில் சொன்னது விலை.

கோட்டைக் கடைகள் நம்மவர்க்குக் கற்றுக்கொடுத்த புதுப் பழக்கம் ஒன்றுண்டு. கண்ணாடி யன்னலுக்கு அப்பால் பொருளை வைத்து, வாங்கும் வசதி இல்லாதவனையும் நின்று பார்க்க வைத்த பழக்கம் அது. யாழ்ப்பாணத்தார் இதனைப் 'புதினம் பார்த்தல்' என்பர். கடைத்தொகுதி என்ற பிற்கால அமைப்பு முழுவதும் இந்தப் புதினம் பார்த்தலின் மீது கட்டப்பட்டதேயாகும்.

இடையில் ஒரு வரட்சிக் காலம் வந்தது. 1960களிலே தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மிக இறுகின. பாணுக்கு வரிசை, அரிசிக்குப் பங்கீட்டுப் புத்தகம், துணிக்குச் சலுசல என்று மக்கள் வாழ்ந்த காலம் அது. கண்ணாடி யன்னல்கள் இருந்தன. உள்ளே காட்டுவதற்குப் பொருள் அருகியிருந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் புகுந்ததும் நிலைமை மாறியது. வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சியும் நைலோன் சேலையும் துறைமுகத்தில் வந்து குவிந்தன. குவிந்த பொருளுக்கு ஒரு புதிய வீடு வேண்டியிருந்தது. எண்பதுகளில் கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா அவ்வாறு எழுந்தது.

இவ்வகைக் கட்டடத்தின் மூலவடிவம் அமெரிக்காவுக்குரியது. அதனை வகுத்தவர் விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர். 1903 இல் வியன்னா நகரில் பிறந்த யூதர். 1938 இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அமெரிக்காவுக்குத் தப்பி ஓடியவர். மினசோட்டா மாநிலத்தில் அவர் அமைத்த சவுத்டேல் என்ற கடைத்தொகுதி 1956 இல் திறக்கப்பட்டது. முற்றாகக் கூரையிட்டு, வெப்பமும் குளிரும் அளவாகப் பேணப்பட்ட முதலாவது கடைத்தொகுதி அதுவே. தாம் இழந்த வியன்னாவின் வீதிகளையும் முற்றங்களையும் போல, மக்கள் கூடிப் பேசும் ஒரு பொது வெளியை உருவாக்கவே அவர் விரும்பினார். வணிகர்களோ கடையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கைவிட்டனர். இதனால் மனம் கசந்த குரூயன், பிற்காலத்தில் தம் பெயரால் எழுந்த கடைத்தொகுதிகளையே தமதல்ல என்று மறுத்துரைத்தார். ஊரை இழந்த ஒருவரின் ஏக்கமே இந்தக் கட்டட வடிவத்தின் அடியில் கிடக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

ஏனெனில், நம் நாட்டிலும் அந்த ஏக்கத்துக்கு இடமிருந்தது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் நூலகத்தோடு சந்தைப் பகுதிக் கடைகளும் எரிந்தன. 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1990க்குப் பின் வடபகுதி மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையில் இருண்டது. அக்காலத்தில், 1991 இல், பம்பலப்பிட்டியில் பழைய மெஜஸ்டிக் படமாளிகை இருந்த இடத்தில் மெஜஸ்டிக் சிட்டி திறக்கப்பட்டது. இளைஞர் வாயில் அது 'எம்.சி.' ஆயிற்று. கீழ்த்தளத்தில் உணவுக்கடைகள், மேலே புடைவையும் இசைத்தட்டும் விளையாட்டுப் பொருளும், அதற்கு மேலே சினிமா. பக்கத்தில் யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளுக்குப் பேர் பெற்றது.

அந்நாளில் வடக்கிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கி வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தன. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல் வீதியில் இறங்க முடியாத காலம். 1993 இல் கிளாலிக் கடலால் வந்து சேர்ந்த என் சின்னம்மாவை எம்.சி.க்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு, பன்னிரண்டு வயதுப் பையனான எனக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகளாக மின்விளக்கைக் காணாதவர் அவர். இயங்கு படிக்கட்டின் அடியில் நின்று, "இது தன்ரபாட்டிலை ஏறுது, நாங்கள் எங்கை காலை வைக்கிறது?" என்று கேட்டார். பின்னர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கோயிற் படி ஏறுவது போல ஏறினார். அன்று நாங்கள் வாங்கியது இரண்டு ஐஸ்கிறீம் மாத்திரமே. ஆயினும் இரண்டு மணித்தியாலம் உள்ளே நடந்தோம். எம்மோடு சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் நடந்தன. எவரும் எவரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டு சின்னம்மா கனடாவுக்குப் போய்விட்டார்.

இனி, தளர்ச்சிக்கு வருவோம். முதலில் தளர்ந்தது கோட்டை. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியிலும், 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்துக்கு அருகிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின், தடைகளும் சோதனைகளும் நிறைந்த வீதிகளில் புதினம் பார்க்க எவரும் செல்லவில்லை. கார்கில்ஸ் நிறுவனமோ அதற்கு முன்னரே, 1983 இல் தன் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்து, காலப்போக்கில் நாடெங்கும் கிளை பரப்பியிருந்தது. செந்நிறக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. பகுதி பகுதியாகப் பொருள் நிறைந்திருந்த அந்தப் பழைய பெருங்கடை இல்லை.

லிபர்ட்டி பிளாசாவுக்கும் மெஜஸ்டிக் சிட்டிக்கும் வேறு போட்டிகள் வந்தன. கொழும்பு சிட்டி சென்டர் 2018 இலும், வன் கோல் பேஸ் 2019 இலும், ஹவ்லொக் சிட்டியின் கடைத்தொகுதி அவற்றின் பின்னரும் திறக்கப்பட்டன. இசைத்தட்டையும் திரைப்படத்தையும் கைத்தொலைபேசி விழுங்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள். 2020 இல் கொரோனா முடக்கம். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டு. குளிரும் வெளிச்சமுமே மூலதனமாகக் கொண்ட கட்டடத்துக்கு மின்வெட்டைவிடக் கொடிய பகை வேறு யாது? பழைய தொகுதிகள் மூடப்பட்டுவிடவில்லை. ஆனால் விடுமுறை நாளில் தோளோடு தோள் உரசிய அந்நாள் நெரிசலை அங்கே காண்பது அரிது.

புதியவை வந்தனவே, இழப்பு என்ன என்று சிலர் வினவலாம். பளிங்குத் தளம் மிகுந்திருக்கின்றது. உலகப் புகழ்பெற்ற பெயர்ப்பலகைகளும் மிகுந்திருக்கின்றன. எனினும், ஓர் ஐஸ்கிறீமுக்கு மட்டும் காசு வைத்திருப்பவன் அங்கே எவ்வளவு நேரம் கூச்சமின்றி நடக்க முடியும்? வாங்குவோர் கடையை வாழ வைக்கின்றனர் என்பது உண்மை. அங்காடியை வாழ வைப்போர், வாங்காமல் பார்க்க வருவோரே. அவர்கள் வருகை நின்ற அன்றே அங்காடி வெறும் களஞ்சியமாகிவிடுகின்றது.

1844 இல் தோன்றிய அதே கார்கில்ஸ் பெயரைத் தாங்கி, 2013 இல் யாழ்ப்பாண நகரில் ஒரு கடைத்தொகுதி திறக்கப்பட்டது. அங்கே இயங்கு படிக்கட்டும் சினிமாவும் உள்ளன. போர் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள் அதில் ஏறி இறங்கி மகிழ்கின்றனர். அவர்களுக்கு அது வியப்பன்று. வியப்பாக இருந்த காலத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகின்றது. அந்நகரின் நாளங்காடியில் யார் நின்றார், எதை விற்றார் என்று நாம் இன்று அறிவதற்குக் காரணம், அதைப் பார்த்துப் பாட ஒரு புலவர் இருந்தமையே. சிமெந்தும் கண்ணாடியும் கொண்ட நம் காலத்து அங்காடிகளையும் எழுத்தில் பதியத்தக்கவையாக நம் எழுத்தாளர் கருத வேண்டும். பழைய பற்றுச்சீட்டு, கடைப் பை, படிக்கட்டின் அருகே நின்று பிடித்த நிழற்படம் ஆகியன இன்னும் நம் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, பின்புறத்தில் ஆண்டையும் ஆட்களின் பெயரையும் எழுதி வைப்போமாக.