வட்டுக்கோட்டைக் கல்வியும் தாய்மொழியும்

சமயம் பரப்பும் நோக்கத்தோடு எழுந்த கல்வி, தன்னளவிலேயே மதிப்புடைய கல்வியாக வளர்வது எப்பொழுது? தமிழ் நிலத்துக் கிறித்தவக் கல்விநிலையங்களின் வரலாற்றை ஆராய்வார் இவ்வினாவினின்றும் விலகுதல் இயலாது. ஏலாக்குறிச்சி, வட்டுக்கோட்டை என்னும் ஈரூர்களை ஒப்பநோக்கின் இதற்கு விடை ஒருவாறு புலனாகும்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ளது ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என வீரமாமுனிவர் பெயரிட்டுப் போற்றிய ஊர் இதுவே. சமயத் தொண்டு புரியும் வேதியர்க்கென 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' இயற்றிய அவர், அவ்வளவில் நின்றாரல்லர். 1730-இல் தொன்னூல் விளக்கமும் 1732-இல் சதுரகராதியும் அவரால் தமிழுக்குக் கிடைத்தன. நோக்கம் சமயமே, ஆயினும் அந்நோக்கம் கல்வியின் எல்லையைக் குறுக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, ஈழத்தின் வடபால் இதனினும் விரிந்த முயற்சியொன்று தோன்றியது. 1816-இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிசனரியார், 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விநிலையம் ஒன்றை நிறுவினர். குருமடம் என்று பெயர் வழங்கினும், அவ்வாண்டு வெளியிடப்பட்ட திட்டம் தமிழ் இளைஞர்க்கு இலக்கியமும் அறிவியலும் பயிற்றும் கல்லூரி ஒன்றனையே குறித்தது. டானியல் பூர் அதன் முதல் தலைவர். தமிழ், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானநூல், இயற்கைத் தத்துவம் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. பட்டம் வழங்கும் உரிமை அதற்குக் கிட்டவில்லை. எனினும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்தெண்ணத் தக்கது அது என எமர்சன் தெனன்ட் 1850-இல் வெளியிட்ட தம் நூலில் மதிப்பிட்டார். பூருக்குப் பின் தலைமை பூண்ட ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிற சமய நூலையும் கற்றறியும் இம்மனப்பான்மை அந்நிலையத்தின் இயல்பைக் காட்டும்.

இங்குக் கற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம் பிள்ளை பின்னர்ச் சைவராகி, வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தார். ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார். சமயக் கணக்கில் தாமோதரம் பிள்ளை இழப்பெனினும், தமிழ்க் கணக்கில் அவர் பெரும்பேறு. அந்நிலையத்தின் வெற்றியை எக்கணக்கால் அளப்பது என்பதே சிக்கலாயிற்று.

1855-இல் அமெரிக்கத் தலைமைச் சபையின் சார்பில் வந்த ரூபஸ் ஆண்டர்சன் குழுவினர் முதற்கணக்கையே மேற்கொண்டனர். ஆங்கிலக் கல்வி மாணவரை அரசாங்க உத்தியோகத்திற்கு ஈர்க்கின்றது, சமயப் பணிக்கு வருவோர் சிலரே, ஊர்ப்பள்ளிகளில் தாய்மொழிக் கல்வியே போதும் என்பன அவர்தம் கருத்துக்கள். அவ்வாண்டே குருமடம் மூடப்பட்டது. தாய்மொழியின் பெயரால் உயர்கல்வி நிறுத்தப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முரண். ஆங்கிலம் எனின் உயர்கல்வி, தமிழ் எனின் தொடக்கக் கல்வி என இருவழியே அவர்கள் கண்டனர்.

மூன்றாவது வழியும் உண்டென்பதை அதே மிசனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மெய்ப்பித்தார். 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு வேண்டும் நூல்களையும் கலைச்சொற்களையும் அவர் உருவாக்கினார். உயர்கல்வியின் தேவையை மக்களும் மறந்திலர். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே எழுந்தது.

ஆகவே, ஏலாக்குறிச்சியில் சமயப் பணியும் புலமையும் தமிழில் ஒன்றுபட்டிருந்தன; வட்டுக்கோட்டையில் புலமை ஓங்கியது; 1855-இல் மொழியும் புலமையும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டன. அப்பிரிவு இயல்பானதன்று என்பதற்குச் சதுரகராதியும் கிறீனின் மருத்துவ வகுப்பும் சான்றாகும். எம்மொழியில் எவ்வளவு கற்பிக்கலாம் என்பதை வரையறுப்பது அம்மொழியின் ஆற்றலன்று. கற்பிப்போரின் துணிவே எனத் துணிதல் தகும்.