அலகநந்தாப் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இமயமலையின் கார்வால் பகுதியில், ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் செல்லும் நெடுஞ்சாலை, தேவப்பிரயாகைக்கு மேல் அலகநந்தா ஆற்றை ஒட்டியே ஏறுகின்றது. ஆழ்வார்கள் வதரி எனப் பாடிய தலத்துக்குச் செல்வதால் இது யாத்திரிகர் வீதியாகவே அறியப்படுகின்றது. எனினும், இவ்வீதி யாருடைய தேவைக்காக விரிந்தது, அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என வினவும்போதே அதன் வரலாறு தெளிவாகின்றது.

மோட்டார் வீதிக்கு முன்னர் யாத்திரிகர் நடந்தே சென்றனர். வழிநெடுகிலும் அமைந்திருந்த ‘சட்டி’ எனப்பட்ட தங்குமிடங்கள் கிராமத்தவர் பலருக்குப் பிழைப்பளித்தன. மேற்பள்ளத்தாக்கின் போட்டியா மக்கள் மானா முதலிய கணவாய்கள் வழியே தானியத்தைக் கொண்டுசென்று, திபெத்திய உப்பையும் கம்பளியையும் பெற்றுவந்தனர். 1815 இல் கிழக்குக் கார்வால் பிரித்தானியர் வசமாகியது. காலப்போக்கில் காடுகள் அரசின் சொத்தாயின.

1960 இல் சமோலி தனி மாவட்டமாக்கப்பட்டது. எல்லை வீதிகள் அமைப்பும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. 1962 இன் சீன - இந்திய யுத்தத்தையடுத்து எல்லை நோக்கிய வீதிப்பணிகள் துரிதமடைந்தன. அதே யுத்தம் திபெத்திய வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மலைமக்களின் வணிகம் அழிந்த வேளையிலேயே மலைக்கு வீதி வந்தது என்னும் முரண்பாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். வீதிவழியே படையினர் மேலே சென்றனர். மரங்கள் கீழே சென்றன. 1970 யூலையில் அலகநந்தா பெருக்கெடுத்து வீடுகளையும் பாலங்களையும் வாகனங்களையும் அள்ளிச்சென்றபோது, காடழிப்புக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பைக் கிராமத்தவர் உணரலாயினர்.

சிப்கோ இயக்கத்தை மரங்கள்மீது கொண்ட பாசமாக மட்டும் சுருக்குவோர் அதன் பொருளாதார அடிப்படையை மறைக்கின்றனர். உள்ளூர்த் தொழிற்கூடத்துக்கு மறுக்கப்பட்ட மரங்கள் வெளியூர் விளையாட்டுப்பொருட் கம்பனிக்கு வழங்கப்பட்டமையே 1973 இல் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. 1974 மார்ச் 26 அன்று, இராணுவத்துக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கு நட்டஈடு பெற ரேணி கிராமத்து ஆண்கள் சமோலிக்குச் சென்றிருந்தனர். அவ்வேளை பார்த்து மரம்வெட்ட வந்தோரைக் கௌரா தேவி தலைமையில் பெண்கள் தடுத்து நிறுத்தினர். நிலத்தை எடுத்த அரசும் காட்டை எடுத்த ஒப்பந்தகாரரும் ஒரே நாளில் ஒரே கிராமத்தவர் முன் தோன்றியமை தற்செயலன்று.

பழைய மண்சரிவுப் படிவின்மீது அமைந்துள்ள ஜோஷிமட்டில் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கலாகாது என 1976 இல் மிஸ்ரா குழு எச்சரித்தது. ஆயினும் 2016 இல் வீதிகளை அகலமாக்கும் சார்தாம் திட்டம் தொடக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 7 அன்று, பாறையும் பனியும் சரிந்து எழுந்த வெள்ளம் ரேணியைத் தாக்கிக் கீழிறங்கியது; 200 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுட் பெரும்பாலோர் நீர்மின் திட்டத் தொழிலாளர். அதே ஆண்டு டிசம்பரில், பாதுகாப்புத் தேவையை ஏற்று, வீதியை அகலமாக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டின் நூற்றுக்கணக்கான கட்டிடங்கள் வெடிப்புற்றன. அதன் உடனடிக் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடுண்டு; ஆனால் எச்சரிக்கை 47 ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் இருந்தது.

வீதியே வேண்டாமென்பது எமது வாதமன்று. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் மலைமக்களுக்கு வீதி அவசியம். ஆனால் அதன் அகலத்தை நிர்ணயிக்கும் உரிமை, அச்சரிவுகளில் வாழ்வோரிடம் இன்றுவரை இருந்ததில்லை. கார்வாலின் வரலாறு எம்முன் வைக்கும் பிரச்சினை இதுவேயாகும்.