குழாய்க்கு அப்பால் ஒரு நீர்ப்பாடம்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நகரத்துக் குழந்தையைக் கேட்டால், "குழாயிலிருந்து" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை தவறன்று, ஆனால் முழுமையானதுமன்று. நம் வரலாற்றில் குழாய் நேற்று வந்த விருந்தாளி. சென்னை நகரையே எடுத்துக்கொள்வோம். 1772-இல் அமைந்த ஏழுகிணறு புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் தந்தது. 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. அங்கு அதனை மணலில் வடிகட்டி வழங்கும் ஏற்பாடு 1914-இல்தான் உருவாயிற்று. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக நம் குழந்தைகள் நீரை அதன் பிறப்பிடத்திலேயே கண்டு வளர்ந்தனர்.

ஏரி, குளம், கண்மாய், கேணி, ஊருணி என நீர்நிலைக்கு நீர்நிலை பெயர் வைத்த மொழி நம்முடையது. ஊரார் உண்ணும் நீர் உள்ளது ஊருணி. பெயரே ஒரு பாடம் அன்றோ! முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைப் பேண 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த செய்தியைச் சொல்கின்றன. நீரைக் காப்பது ஊரின் கடமை என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். ஆயினும் அவ்வாரியத்தில் அமரும் தகுதி, நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே வாய்த்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

தாயுடன் சிறு குடம் ஏந்தி நடந்த சிறுமிக்கு, குடிநீர்த் துறையில் கால் கழுவலாகாது என்பதை எவரும் எழுதிக் காட்டவில்லை. மாடு குளிப்பாட்டும் இடம் வேறு, துணி துவைக்கும் இடம் வேறு என்பதை அவள் கண்ணால் கற்றாள். சிறுவனோ இடுப்பில் கயிறும் சுரைக்குடுக்கையும் கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகினான்; கயிற்றின் மறுமுனை தந்தையின் அல்லது மாமனின் கையில் இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி அவர்களுக்கு வெறும் உவமையன்று, அன்றாட எச்சரிக்கை.

இப்பழமையை முற்றிலும் பொன்னாகக் காட்டிவிடவும் கூடாது. அதே ஊரில் வேறொரு குழந்தை, கிணற்றைத் தொடாதே என்பதையே முதற்பாடமாகக் கற்றது. 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாத் நகரில், நகராட்சி அனைவருக்கும் திறந்துவிட்டும் வழக்கத்தால் மறுக்கப்பட்ட சவதார் குளத்து நீரை அம்பேத்கர் தம் மக்களோடு அள்ளிப் பருகினார். ஒரு கை நீருக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. நீர் அனைவர்க்கும் உரியது என்னும் அறத்தைச் சேர்க்காத நீர்ப்பாடம் அரைப்பாடமே.

தூய்மைப் பாடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. நரம்புச் சிலந்தி நோயை முதியோர் சிலர் நினைவுகூரக்கூடும். படிக்கிணற்று நீரில் வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சியை நீரோடு விழுங்கியவர் உடலில் புழு வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்து வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் நனைத்தால், புழுவின் குஞ்சுகள் கிணற்றில் கலக்கும். இதனைத் தீர்க்க மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. நீரைத் துணியால் வடிகட்டுதல், புண்பட்ட காலோடு நீரில் இறங்காதிருத்தல், படிக்கிணறுகளுக்கு மாற்று அமைத்தல் ஆகிய எளிய வழிகளே அதனை வென்றன. 1996-இல் இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானார். 2000-இல் நாடு இந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. ஒரு முழத் துணியின் வெற்றி என்று இதனைக் குழந்தைகளுக்குக் கதையாகவே சொல்லலாம்.

மற்றொரு பகை இன்னும் வெல்லப்படவில்லை. 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வீட்டிற்குக் குழாய் வந்தது. கிணற்றடியில் கயிறு பிடித்த கை விலகியது. ஆனால் பாழுங்கிணறும், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையும், மூடியில்லாத தொட்டியும் அங்கேயே இருக்கின்றன. தவழும் குழந்தைக்கு ஒரு வாளி நீரும் ஆழமே. பெரியவர் துணையின்றி நீரில் இறங்காதே. தோழன் மூழ்கினால் நீயும் குதிக்காதே, கூவி அழை, கயிறோ கழியோ துணியோ நீட்டு என்பவற்றை வாய்ப்பாடு போல மனத்தில் பதிக்க வேண்டும்.

பெற்றோரே, இதற்குப் பெரிய பாடநூல் தேவையில்லை. விடுமுறை நாளில் பிள்ளையின் கைப்பிடித்து ஊர் ஏரிக்கரை வரை நடந்து, மதகு எது, வரத்துக்கால் எது என்று காட்டுங்கள். 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். மழை பெய்யும்போது கூரைநீர் அதில் இறங்குவதை அவனைப் பார்க்கச் செய்யுங்கள். குடிக்கும் நீர், குளிக்கும் நீர், செடிக்கு ஊற்றும் நீர் எனப் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள். முன்னோர் கையிலிருந்த கயிறு இன்று நம் கையில் இருக்கிறது, நழுவவிடாமல் பிடித்திருப்போம்.