எழுதிய ஓலையும் இழைத்த ஓலையும்

பனையோலை தமிழர் வாழ்விலே இருவகைப் பணி புரிந்து வந்துள்ளது. ஒருபால் அது எழுத்தாணிக்கு இடந்தந்து ஏடாகியது. மறுபால் விரல்களிடையே மடிந்து பெட்டியும் பாயும் கடகமும் ஆகியது. முன்னையதன் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடிய வரலாறு தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததே. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த சுவடிகளுக்காகத் தமிழுலகம் இன்றும் இரங்குகின்றது. அவ்விரக்கம் நியாயமானதே. ஆனால், இழைத்த ஓலைக்கு இத்தகைய வரலாறு வாய்க்கவில்லை. கிழிந்த பெட்டி அடுப்புக்குப் போயிற்று. அல்லது தோட்டத்திற்கு எருவாயிற்று. இழைத்தவளின் பெயரும் அதனோடு மறைந்தது. அவ்வோலை இன்று கலைப்பொருளாக மறுபிறப்பு எய்தும் வேளையில் இக்குறை மேலும் தெளிவாகப் புலப்படுகின்றது.

இக்கைப்பணியின் தொன்மைக்குச் சங்கச் செய்யுள்களே சான்று பகரும். மருதத்திணைப் பாடல்களிலே பாண்மகள் வட்டியில் மீன் கொணர்ந்து, அவ்வட்டி நிறைய நெல் பெற்றுச் செல்கின்றாள். வட்டி என்பது பெட்டியைக் குறித்த பழஞ்சொல். காதல் கைகூடாத தலைவன் ஏறும் மடல்மாவும் பனையின் கருக்குமட்டையாற் செய்யப்பட்டதே. பிற்காலத்தெழுந்த தாலவிலாசம் என்னும் செய்யுள்நூல் பனையின் பயன்கள் 801 எனக் கூறுவதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஆசிரியர்கள் வியந்து குறித்துள்ளனர். 1850 இல் கொழும்பிலே பனை பற்றித் தனிநூல் வெளியிட்ட வில்லியம் பேர்குசன் அவர்களுள் ஒருவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மனைகளை நோக்குமிடத்து, இப்பயன்களுட் பல ஓலையினாலும் நாரினாலும் அமைந்தமை புலனாகும். நெல்லும் எருவும் சுமக்கக் கடகம், தானியம் புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, பனங்கட்டி பொதியக் குட்டான், மீன் கொண்டுவர உமல், கள்ளும் கூழும் அருந்தப் பிளா, துலாவிற் கட்டி நீரிறைக்கப் பட்டை, முதியோர் மடியிற் செருகும் கொட்டைப்பெட்டி எனத் தொழிலுக்கொரு கலமும் கலத்துக்கொரு பெயரும் இருந்தன. இப்பெயர்கள் வெறுஞ்சொற்களல்ல, ஒவ்வொன்றும் ஒரு தேவையையும் அத்தேவைக்குக் கண்ட விடையையும் உள்ளடக்கியது.

நீத்துப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது கூம்பு வடிவினது. கூர்முனை கீழ்நோக்கப் பானையின் வாயிலே பொருந்தும். இழைகளின் இடைவெளி ஆவியை உட்புகவிடும். மாவைக் கீழே சிந்தவிடாது. இழை மிக நெருங்கினால் மா வேகாது. மிக நெகிழ்ந்தால் மா உதிரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எந்நூலும் கூறவில்லை, விரலே அறிந்திருந்தது. கடகமும் இத்தகையதே. அதன் அடி நாற்கோணம், வாயோ வட்டம். குருத்தோலையையும் அதனையடுத்த சார்வோலையையும் வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, குறுக்கு மறுக்காக இழைத்து, நான்கு மூலைகளையும் மேலே திருப்பும்போது சதுரம் தானாகவே வட்டமாகின்றது. பின்னர் மட்டையில் உரித்த நாரினால் விளிம்பு பொத்தப்படும். பாரம் முழுவதையும் தாங்குவது அவ்விளிம்பே.

இத்தகைய அறிவு ஈழத்தில் ஓரினத்துக்கோ ஒரு பிரதேசத்துக்கோ மட்டும் உரியதன்று. கிழக்கிலங்கையிலே தமிழரும் முஸ்லிம்களும் நீர்நிலைகளில் வளரும் பன்னினாற் பாய் இழைத்தனர். கண்டிப் பகுதியிலே கின்னர சமூகத்தார் நியந்த என்னும் செடியின் நாரினால் தும்பறைப் பாய்களை நெய்தனர். அவர்களது நெசவை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே பதிவு செய்தார். அரச ஆதரவு அற்றுப் போனமையும் இயந்திரப் பொருள்களின் வரவும் கைவினையைச் சிதைத்தன என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. யாழ்ப்பாணத்துக் கடகத்துக்கு அத்தகையதொரு பதிவாளர் கிடைத்திலர்.

கடகத்தின் வீழ்ச்சிக்கும் குமாரசுவாமி கண்ட காரணம் ஓரளவு பொருந்தும். தகர வாளி ஓலைப்பட்டையை விலக்கியது. நீரிறைக்கும் இயந்திரம் துலாவையே விலக்கியது. அலுமினியமும் அதன்பின் பிளாஸ்ரிக்கும் அடுக்களையுட் புகுந்தன. 1983 இல் மூண்டு 2009 வரை நீடித்த போர் பனைகளையும் விட்டுவைக்கவில்லை. எறிகணையால் முடியிழந்தனவும் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமெனத் தறிக்கப்பட்டனவும் பலவாகும். காய்க்கப் பன்னீராண்டுக்கு மேற் செல்லும் மரத்தை அழிப்பது எளிது. ஈடு செய்வது அரிது.

எனினும் கைப்பணி முற்றாக மறைந்துவிடவில்லை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய அருங்கலைகள் பேரவையும் தோன்றின. இன்று யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயமூட்டிய ஓலையாற் கைப்பைகள், தொப்பிகள், பரிசுப் பெட்டிகள், விளக்கு மறைப்புகள் ஆகியன ஆக்கப்படுகின்றன. போரிலே கணவரை இழந்த பெண்கள் பலருக்கு இத்தொழில் வருவாய் அளித்தது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. பயன் மாறினால் வடிவம் மாறுவது இயல்பு.

ஆயினும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது கூலி பற்றியது. குருத்து வெட்டியவர், உலர்த்தியவர், வார்ந்தவர், இழைத்தவர் ஆகியோரது நாள்களைக் கணக்கிடாது பொருளுக்கு விலை குறிக்கப்படுமாயின், தாய் கற்ற தொழிலை மகள் கற்க விரும்பாள். அவளைக் குறை கூறவும் இயலாது. இரண்டாவது அறிவு பற்றியது. அலங்காரப் பெட்டிக்கு ஆவியின் அளவும் பாரத்தின் அளவும் வேண்டுவதில்லை. ஆகவே கைவினை நிலைத்தபோதும், அதனைத் தோற்றுவித்த நுண்ணறிவு ஓசையின்றி மறையக்கூடும்.

ஏட்டைக் காத்தவர்கள் அதனைப் படியெடுத்தே காத்தனர். இழைத்த ஓலையையும் அவ்வாறே காத்தல் இயலும். கலங்களின் பெயர்களும் பிரதேச வழக்குகளும், இழைக்கும் முறைகளும் அளவுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக இழைத்தவர்களின் பெயர்களும் பதிவு செய்யப்படவேண்டும். அரும்பொருட்சாலையிற் கடகம் வைக்கப்படுமாயின், அதனருகே ஊர்ப்பெயரோடு இழைத்தவர் பெயரும் இடம்பெறல் வேண்டும். இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லை. மூதாட்டியர் பலர் இன்றும் நம் கிராமங்களிற் பெட்டி இழைக்கின்றனர். அவர்களது திண்ணையிற் சென்றமர்ந்து, அவர்கள் கூறுவதைக் குறித்துக்கொள்ளும் மாணவரே இன்று தேவைப்படுகின்றனர்.