பாதரசம் போன வழி

கண்ணாடிக் குழாயை இரண்டு உதறு உதறி, நாக்குக்கு அடியில் வைத்துக் காய்ச்சல் பார்த்த நாட்கள் நம் ஓசூர்ப் பக்கத்து அஞ்செட்டிக்காரர்களுக்கும் நினைவிருக்கும். அதற்குள் ஏறி இறங்கிய பாதரசம் கண்டம் விட்டுக் கண்டம் போன பொருள். போன இடமெல்லாம் கொஞ்சம் சேற்றில் தங்கிவிட்டது. அங்கிருந்த பாக்டீரியாக்கள் அதை என்ன செய்தன என்பது இந்தப் பயணத்தின் சுவாரசியமான பாதி.

ஸ்பெயினின் அல்மாதேனில் ரோமானியர்கள் சாதிலிங்கத்தைச் சிவப்பு வண்ணத்துக்காக வெட்டினார்கள். பாதரசம் அடங்கிய அதே தாது நம் சித்த வைத்தியத்திலும் உண்டு. பாதரசத்துக்குப் பெரிய சந்தை பிறந்தது 1554இல். செவில் வணிகர் பார்த்தோலோமே தே மெதினா, ஒரு ஜெர்மானியரிடம் கேட்டறிந்த யுக்தியை மெக்சிகோவின் பச்சூகாவில் செய்துபார்த்தார். அரைத்த வெள்ளித் தாதுவோடு உப்பும் பாதரசமும் கலந்தால் வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும். சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், வெள்ளி நிற்கும். சொல்லிக்கொடுத்தவருக்கோ கப்பலேற அனுமதியே கிடைக்கவில்லை. 1570களில் தென் அமெரிக்காவின் வெள்ளி நகரான பொத்தோசியும் இதைப் பிடித்துக்கொண்டது. அதற்காகப் பெருவின் உவாங்காவெலிகாவில் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட பழங்குடிகள் பாதரசம் தோண்டியே செத்தார்கள்.

அந்த வித்தை 1880களில் நம் பக்கத்துக்கே வந்தது. ஓசூருக்கு வடகிழக்கே, எல்லை தாண்டிக் கோலார் தங்கவயல். நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி. குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பொடித்த தாது தண்ணீரோடு சேர்ந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் வழியும். தங்கம் ஒட்டும், மீதி ஓடிவிடும். தப்பிய தங்கத்தைக் கரைத்தெடுக்க, 1887இல் கிளாஸ்கோவில் பிறந்த சயனைடு முறையும் வந்து சேர்ந்தது. கழிவு மண் இன்னும் ஊர் நடுவே மேடு மேடாக நிற்கிறது.

தங்கவயல் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28இல். அடுத்த மாதமே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையும் மூடப்பட்டது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து 1980களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. கடைசியில் இந்துஸ்தான் லீவர் வசம் இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊரின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் அம்பலப்படுத்தினார்கள்.

இனி சேற்றுக்குள் இறங்குவோம். கன உலோகம் படிந்த வண்டலில் தாங்காத பாக்டீரியாக்கள் குறையும், தாங்குபவை பெருகும். தாங்கும் சில இனங்களிடம் 'மெர்' என்ற மரபணுத் தொகுப்பு இருக்கிறது; கரைந்த பாதரசத்தை ஆவியாக்கி வெளியே தள்ளும் கருவி அது. மனிதன் உலோகச் சுரங்கம் வெட்டுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன் சைபீரியப் பனியில் உறைந்த பாக்டீரியாவிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். அது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். சில வேளை ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவும் கூடவே தொற்றிக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் உலோகத்துக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் இப்படியும் ஒரு உறவு.

வேறு சில பாக்டீரியாக்கள் செய்வது நேர்மாறு. காற்றில்லாத சேற்றில் அவை பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனுக்குள் ஏறும், மீனைத் தின்பவருக்கும் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் நரம்புகளைச் சிதைத்தது இதே நஞ்சு; அங்கே அது தொழிற்சாலைக் குழாயிலிருந்தே வந்தது. சேறும் அதைத் தயாரிக்கும் என்று ஸ்வீடனின் யென்சனும் யெர்னலோவும் 1969இல் காட்டினார்கள். அதற்கான இரண்டு மரபணுக்கள் அகப்பட்டது 2013இல். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஆண்டுதான்.

1863இல் வெட்டப்பட்ட கொடைக்கானல் ஏரியின் வண்டலை ஹைதராபாத் ஆய்வாளர்கள் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். அதிலிருந்த பாதரசத்தில் சுமார் 6% மெத்தில் வடிவத்தில் இருந்தது. தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரியில் 3 முதல் 4%தான். ஆகவே ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும்போது அதில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மிச்சம் விடலாம் என்ற வாதம் மட்டும் போதாது என்பேன். ஆலைக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. அங்கங்கே தேங்கும் சேற்றில் எந்த பாக்டீரியா வாழ்கிறது, மெத்தில் எவ்வளவு சேர்கிறது என்று தொடர்ந்து அளக்க வேண்டும். தங்கவயல் மேடுகளிலிருந்து மழைநீர் வடியும் ஏரிகளிலும்தான்.