தஞ்சைச் சுவரும் மரக்காணம் உப்பளமும்: அகலக்கோண லென்ஸின் கதை

பதிவு சற்று நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேமராவோடு போகும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். கோட்டக்குப்பத்தில் விடியற்காலை புறப்பட்டு, கழுவேலி ஏரி, மரக்காணம் உப்பளம், கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை என்று ஒரே நாளில் சுற்றி வந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கணும். 16 வாங்கலாமா, 20 வாங்கலாமா, 24 போதுமா?"

வேலைக்குப் போன புதிதில் ஒரு பிள்ளைக்கு இது ஒன்றிரண்டு மாதச் சம்பளம். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்த லென்ஸ் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், நமக்கு வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கதை நம் தஞ்சாவூரிலிருந்தே தொடங்கலாம்.

லின்னேயஸ் ட்ரைப் என்று ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1822ல் பிறந்தவர். 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று அந்நாட்டைப் படமெடுத்தவர். 1856ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று படமெடுத்துக்கொண்டே போனார். நாலைந்து மாதப் பயணம். ஃபிலிம் இல்லாத காலம். மெழுகு ஏற்றிய காகிதமே நெகட்டிவ்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவருக்கு ஒரு சிக்கல். விமானத்தின் அடித்தளம் முழுவதும் கல்வெட்டு, வரி வரியாகச் சுற்றி ஓடுகிறது. அதைப் படத்தில் பதிய வேண்டும். தள்ளி நின்றால் சுவர் முழுக்க வரும், எழுத்து தெரியாது. கிட்டே நின்றால் எழுத்து தெரியும், சுவரில் ஒரு துண்டுதான் வரும்.

ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? கேமராவைச் சுவருக்கு இணையாக, ஒரே தூரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். அவற்றை வரிசையாக ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது. கேமராவை ஒரே இடத்தில் வைத்துத் திருப்பியிருந்தால், நடுவில் உள்ள எழுத்து பெரிதாகவும் ஓரத்தில் உள்ளது சிறிதாகவும் சாய்ந்தும் விழுந்திருக்கும். நகர்த்தியதால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே அளவில் இருக்கின்றன. இது 1858ல் நடந்தது. அந்தக் கோயில் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியாக, ஹூல்ட்ஷ் அவர்களின் பதிப்பில் அச்சாகத் தொடங்கியதே 1891ல்தான். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே சுவர் படமாகிவிட்டது.

பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1859ல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், செலவு அதிகம் என்று சொல்லி அந்தப் பணியையே முடித்துவைத்தார். நல்ல வேளை, எடுத்த படங்கள் தங்கிவிட்டன.

ட்ரைப் 21 முறை செய்த வேலையை ஒரே முறையில் செய்ய முடியாதா என்ற ஏக்கம்தான் அகலக்கோண லென்ஸைப் பிறப்பித்தது. 1840ல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டுக் கொடுத்த புகழ்பெற்ற லென்ஸ், முகம் எடுக்க ஏற்றது. அதன் பார்வை குறுகல். 1859ல் இங்கிலாந்தின் தாமஸ் சட்டன், கண்ணாடிக் கோளத்துக்குள் தண்ணீர் நிரப்பி ஒரு லென்ஸ் செய்தார். 120 பாகை வரை பார்க்கும். ஆனால் அதற்கு வளைந்த கண்ணாடித் தகடுகள் வேண்டும். யார் சுமப்பது? சில ஆண்டுகளில் நியூயார்க்கில் ஹாரிசன், ஷ்னிட்சர் என்ற இருவர் 'குளோப்' லென்ஸ் கொண்டுவந்தார்கள். அகலம் வந்தது, படத்தின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டும் சேர்ந்து வந்தது.

1900ல் பெர்லினின் கோயர்ஸ் நிறுவனம் 'ஹைப்பர்கோன்' செய்தது. 130 பாகைக்கு மேல். அதில் வேறொரு தொல்லை. லென்ஸ் அகல அகல ஓரத்துக்கு வரும் வெளிச்சம் குறையும். நடுக்கோட்டிலிருந்து 45 பாகை விலகினால், நடுவில் விழும் வெளிச்சத்தில் கால் பங்குதான் அங்கே விழும். பத்தாம் வகுப்பில் படித்த கொசைன் நினைவிருந்தால், அதன் நான்காம் அடுக்கைப் போட்டுப் பாருங்கள். 70 பாகை விலகினால் எழுபதில் ஒரு பங்கு. இதைச் சமாளிக்க லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சிறு சக்கரம் வைத்தார்கள். ரப்பர் பந்தை அழுத்தினால் காற்றில் சுழன்று, நடு வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். கெட்டிக்காரத்தனம்தான்!

1924ல் ராபின் ஹில், வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸை அமைத்தார். எதற்கு? மேகங்களை ஆராய. 1933ல் சைஸ் நிறுவனத்தின் 'டோபோகோன்' வந்தது. எதற்கு? விமானத்திலிருந்து நிலப்படம் வரைய. 1950ல் பிரான்சின் ஆஞ்செனியூ ஒரு புது வழி கண்டார். எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் 24, 28 மி.மீ. லென்ஸை ஃபிலிமுக்கு அவ்வளவு அருகில் வைக்க முடியாது. முன்னால் ஒரு குழிவில்லையை வைத்து லென்ஸைத் தள்ளி நிறுத்தும் வழி அது. இன்று மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. லென்ஸ் மறுபடி நெருங்கி வந்துவிட்டது. அதனால்தான் சிறிய, எடை குறைந்த அகல லென்ஸ்கள் இப்போது கிடைக்கின்றன.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். கல்வெட்டு, மேகம், நிலப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்தது. பின்னால் போக இடம் இல்லை, அல்லது எல்லாம் ஒரே படத்தில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. "அழகாக இருக்கும்" என்று மட்டும் சொல்லி யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

சரி, நம் கணக்குக்கு வருவோம். லென்ஸ் மேல் உள்ள எண் குறையக் குறையப் பார்வை அகலும். முழுச்சட்டக் கேமராவில் மூலைக்கு மூலை அளந்தால் 35 மி.மீ. 63 பாகை, 24 மி.மீ. 84 பாகை, 16 மி.மீ. 107 பாகை. சிறிய சென்சார் கேமராவில் 16 வாங்கினால் அது ஏறக்குறைய 24க்குச் சமம். இதைக் கேட்காமல் கடையில் பணம் கட்டாதீர்கள். உங்கள் கைப்பேசியின் முதன்மைக் கேமராவே பெரும்பாலும் 24 முதல் 26க்குச் சமமான அகலம் கொண்டது. ஆக, அகலம் ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

கோபுரம் எடுப்பவருக்கு ஒரு கணக்கு. 50 மீட்டர் உயரக் கோபுரம் என்று வையுங்கள்; மதுரைத் தெற்குக் கோபுரம் அதைவிடச் சற்று அதிகம். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவது போல் வரும். சாய்க்காமல், நெடுக்குவாட்டில் நேராகப் பிடித்தால் உச்சி வரை வர, 50 மி.மீ. லென்ஸுக்கு சுமார் 140 மீட்டர் பின்னால் போக வேண்டும். 24க்கு 67 மீட்டர். 16க்கு 44 மீட்டர். நம் மாடவீதிகளில் 140 மீட்டருக்கு எங்கே போவது? வீடும் கடையும் இடிக்கும். கோயில், கோட்டை, குறுகிய தெரு எடுப்பவருக்கு 16 அல்லது 20 உண்மையாகவே உதவும்.

ஆனால் மரக்காணம் உப்பளத்தில்? அங்கே பின்னால் போக இடத்துக்கா பஞ்சம்! இரண்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயர உப்புக் குவியல். முந்நூறு மீட்டர் தள்ளி, பதினைந்து மீட்டர் உயரப் பனைமரம். 16 மி.மீ. லென்ஸில் குவியல் படச்சட்டத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும். அதைவிடப் பத்து மடங்கு உயரமான பனை, அதன் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அகல லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை விரட்டிவிடும். கிட்டே காட்ட ஒரு பொருள் இல்லாமல் வெறும் வெளியைப் பார்த்து எடுத்தால் மேலே வானம், கீழே தரை, நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான். உப்பு சுமந்து வரும் அம்மாவைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தால் அவர் உருவம் அகலமாக இழுபட்டுப் போகும். அது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

நம் கரைக்கு இன்னொரு செய்தி. 14 மி.மீ. போன்ற மிக அகல லென்ஸ்கள் பலவற்றுக்கு முன்கண்ணாடி உருண்டு வெளியே துருத்தி நிற்கும். அதன் மேல் ஃபில்டர் திருக முடியாது. உப்புக்காற்று நேரே கண்ணாடியில் படியும். எங்கள் பக்கம் படமெடுப்பவர் ஃபில்டர் போடக்கூடிய லென்ஸை வாங்குவதே நல்லது.

என் கருத்து இது. பயணத்துக்கும் நிலக்காட்சிக்கும் முதல் லென்ஸ் என்றால் 24 போதும். கோயிலும் கோட்டையும் அதிகம் எடுப்பவர் 16–35 ஜூம் பார்க்கலாம். முக்காலியில் வைத்துப் பகலில் எடுப்பவருக்கு எஃப்/4 போதும், எடையும் விலையும் குறையும். அகலம் இன்னும் வேண்டுமென்றால் ட்ரைப் செய்ததுபோல் நாலைந்து படம் எடுத்து ஒட்டலாம். இன்றைக்குக் கணினி அதை ஒரு நிமிடத்தில் செய்துவிடும்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே உள்ள கரை தேயத் தொடங்கியது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மக்களுக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படகு ஏற்றி வைத்த மணல் எங்கே, வலை உலர்த்திய இடம் எங்கே என்று நாளைக்குக் கேட்டால் படம்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தச் சாட்சியை அகல லென்ஸ் கெடுத்துவிடும். காலடியிலிருந்து 16 மி.மீ.யில் எடுத்தால் பத்தடிக் கரை பெரிய மைதானம் போலத் தெரியும். "கரை நன்றாகத்தானே இருக்கிறது" என்று யாராவது அந்தப் படத்தையே நீட்டிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே அழகுக்கு ஒரு படம் எடுங்கள். கூடவே சாட்சிக்கு ஒரு படம் எடுங்கள். அதற்கு விதி மூன்றுதான்: ஒரே இடம், ஒரே உயரம், ஒரே லென்ஸ். 35 அல்லது 50 சிறப்பு. கோயில் மதில், மண்டபம், பாலம் என்று அசையாத ஒன்று படத்தில் இருக்கட்டும். தேதியும் லென்ஸ் எண்ணும் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதத்தில் போய் மறுபடி எடுங்கள்.

பக்கத்திலேயே புதுச்சேரியில், 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், நம் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் காக்கப்படுகின்றன. சிலைகளுக்கு அப்படி ஓர் ஆவணம் இருக்கிறது. நம் கரைக்கும் உப்பளத்துக்கும் அதை நாம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் 1990க்கு முன் எடுத்த கடற்கரைப் படம், திருமண நாள் படமாக இருந்தாலும் சரி, பின்னால் கரை தெரிந்தால் போதும், கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். எந்த ஆண்டு, எங்கே நின்று எடுத்தது என்பதையும் எழுதுங்கள். அதே இடத்தில் போய் நின்று இன்றைய படத்தை எடுத்துத் தர இளைஞர்கள் யாராவது முன்வந்தால், அந்தப் படங்களை அடுத்தடுத்து இங்கே போடுவோம்.